பழைய ஒலிக்கருவிகளின் மென்மையான மேற்பரப்புகளைச் சேதமின்றித் துடைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்த ஒரு வால்வு ரேடியோவின் (கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் இயங்கும் பழைய ரேடியோவின்) டயல் கண்ணாடியைக் கழற்றி, அதன் உட்புறத்தை ஈரத்துணியால் ஒரே ஒரு முறை துடைத்தேன். சோப்பு இல்லை, ரசாயனம் இல்லை, வெறும் தண்ணீர்தான். கண்ணாடி பளிச்சென்று ஆனது. துணியைத் திருப்பிப் பார்த்தபோது அலைவரிசை எண்களும் நிலையங்களின் பெயர்களும் தூசியோடு சேர்ந்து துணியில் ஒட்டியிருந்தன. அந்தக் கண்ணாடியை இன்றும் வைத்திருக்கிறேன். ஒரு கருவியைத் துடைக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் அது என் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது.

பழைய ஆம்ப்ளிஃபயரில் கெபாசிட்டர் பழுதானால் மாற்றலாம், பெல்ட் அறுந்தால் புதிது போடலாம், மின்கம்பியை மீண்டும் பற்றவைக்கலாம். முகப்பில் அச்சிட்ட எழுத்து அழிந்தாலோ, வண்ணமேற்றிய அலுமினியம் வெளுத்தாலோ, அக்ரிலிக் மூடியில் நுண்விரிசல் ஓடினாலோ அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழி அநேகமாக இல்லை. அழுக்கு நாளைக்கும் அங்கேயே இருக்கும், அதைப் பிறகும் எடுக்கலாம். ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே தொடங்குகிறது: துணி தொடப்போகும் மேல்அடுக்கு எதனால் ஆனது? அதற்குத் தீங்கு செய்யாத, ஆனால் அழுக்கை அசைக்கக்கூடிய மிக மென்மையான வழி எது?

முதலில் பாதுகாப்பு

மின்இணைப்பைச் சுவிட்சில் அணைப்பது போதாது. பிளக்கையே பிடுங்கி வைக்க வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் மின்வழங்கிக் கெபாசிட்டர்களில் சில நூறு வோல்ட் மின்னேற்றம் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கக்கூடும். வெளிப்புறத்தைத் துடைக்க உள்ளே கை வைக்கத் தேவையில்லை. டயல் கண்ணாடிக்காகவோ முகப்புப் பலகைக்காகவோ பெட்டியைத் திறந்தே ஆக வேண்டுமென்றால், அந்த மின்னேற்றத்தை முறையாக இறக்கி, மீட்டரால் அளந்து பார்க்கத் தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும். வால்வுகள் முழுவதும் ஆறியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தூசி என்று எண்ணித் துடைத்துவிடக்கூடாத மூன்று பொருள்கள் பழைய கருவிகளில் உண்டு. சில வால்வு ரேடியோக்களின் பெட்டிக்குள், வெப்பத்தைத் தடுக்க ஒட்டிய சாம்பல் நிற அட்டை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைத் துலக்கவும் கூடாது, கிழிக்கவும் கூடாது. காட்மியம் பூசிய இரும்புச் சேசிஸின் (உறுப்புகளைத் தாங்கும் உள்சட்டகத்தின்) மேல் படியும் மாவு போன்ற படலம் நச்சுத்தன்மை உடையது. அதை உப்புத்தாள் கொண்டு தேய்த்துத் தூளாக்கிச் சுவாசிப்பது ஆபத்து. ராணுவப் பயன்பாட்டிலிருந்து வந்த சில பழைய மீட்டர்களில் முள்ளும் எண்களும் ரேடியம் கலந்த வண்ணத்தால் எழுதப்பட்டவை. இருட்டில் ஒளிரும் தன்மை என்றோ போயிருந்தாலும் கதிரியக்கம் போயிருக்காது, ஏனெனில் ரேடியம் 226-இன் அரைஆயுட்காலம் சுமார் 1600 ஆண்டுகள். அத்தகைய மீட்டரை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம்.

துணியை எடுக்கும் முன் கருவியை நாலா பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். குமிழ்கள் எந்த வரிசையில், எந்தக் கோணத்தில் இருந்தன என்பதற்கு மட்டுமல்ல, ஏற்கெனவே தேய்ந்திருந்த எழுத்து எது, நாம் தேய்த்தது எது என்று பின்னால் குழம்பாமல் இருக்கவும் அது உதவும்.

தேவையானவை, ஒதுக்க வேண்டியவை

தேவைப்படுபவை மிகச் சில. ஓவியர்கள் பயன்படுத்தும் மென்மயிர்த் தூரிகைகள் இரண்டு அளவுகளில், கேமரா லென்ஸுக்குப் பயன்படும் ரப்பர் ஊதுகுமிழ், தையலோரம் இல்லாத மைக்ரோஃபைபர் துணிகள் ஐந்தாறு, பஞ்சுக்குச்சிகள், மூங்கில் பல்குத்திகள், காய்ச்சி வடித்த நீர், மணமும் நிறமும் குறைந்த பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஆகியவை போதும். சோப்புக் கரைசலுக்கு 250 மி.லி. நீரில் இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். நுரை வரும் அளவுக்குக் கலந்தால் அந்தச் சோப்பைத் துடைத்து எடுப்பதே தனி வேலையாகிவிடும். குழாய் நீரைத் தவிர்ப்பதற்குக் காரணம், அதிலுள்ள உப்புகள் காய்ந்ததும் கறுப்பு முகப்புகளில் வெண்ணிறத் திட்டுகளாகப் படிவதுதான். மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கி சேர்க்கக்கூடாது. அது இழைகளில் மெழுகு போன்ற படலத்தை விட்டு, பின்பு கருவியின் மேல் ஏற்றிவிடும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் ஒரு சிறு புட்டியில் தேவைப்படும், ஆனால் அதன் பயன் பெரும்பாலும் உலோகப் பரப்புகளோடு முடிந்துவிடுகிறது. பழைய கருவிகளை விரும்புவோர் பலர் அதை எல்லாவற்றுக்குமான மருந்தாக எடுத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் முகப்புகள் கெட்டதற்கு அதுவே முதற்காரணம்.

ஒதுக்க வேண்டியவற்றின் பட்டியல் இதைவிட நீளமானது. கண்ணாடி துடைக்கும் நீல நிறத் தெளிப்பான்கள் பலவற்றில் அம்மோனியாவோ ஆல்கஹாலோ இருக்கும். ‘மாயப் பஞ்சு’ என்று விற்கப்படும் வெண்ணிற மெலமைன் பஞ்சு ரசாயனம் எதுவும் இல்லாதது என்பதால் பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது. உண்மையில் அது மிக நுண்ணிய உப்புத்தாளைப் போலவே வேலை செய்கிறது. எழுத்தையும் பளபளப்பையும் அது சீவி எடுத்துவிடும். பற்பசையும் அப்படியே, அதிலும் அரைக்கும் துகள்கள் உண்டு. காகிதத் துண்டுகளின் மர இழைகள் அக்ரிலிக்கில் கீறலிடும். வினிகர், எலுமிச்சை, சமையல் சோடா, அசிட்டோன், சிலிகோன் கலந்த மரச்சாமான் பளபளப்பி ஆகிய எவையும் மேசையில் இருக்க வேண்டாம். ஆரஞ்சுத் தோலெண்ணெய் சேர்ந்த ‘இயற்கை’ துப்புரவுத் திரவங்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும் என்பதால் அவற்றின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சோதனைத் துடைப்பு

இந்தப் படியைத் தாண்டிச் செல்வோர்தான் பின்னால் வருந்துகிறார்கள். கருவியின் எந்தப் பகுதியானாலும் அதன் கண்ணுக்குப் படாத மூலையில் முதலில் சோதிக்க வேண்டும். முகப்புப் பலகையென்றால் குமிழைக் கழற்றிய பின் அது மறைத்திருந்த வட்டமும், மரப்பெட்டியென்றால் அதன் அடிப்பகுதியும், மூடியென்றால் கீல் பொருந்தும் இடத்திலிருந்து விலகிய பின்விளிம்பும் சோதனைக்கு ஏற்றவை.

பஞ்சுக்குச்சியைக் காய்ச்சி வடித்த நீரில் தொட்டு, துணியில் ஒற்றி ஈரத்தைக் குறைத்து, ஒரு சிறு பயறளவு இடத்தில் அழுத்தமின்றி நான்கைந்து முறை உருட்ட வேண்டும். தேய்க்காமல் உருட்டுவது முக்கியம், ஏனெனில் உருட்டும்போது அழுக்கு பஞ்சுக்குள் ஏறிவிடும். தேய்த்தால் அதிலுள்ள மணல்துகளும் மேற்பரப்பின் மேல் இழுபடும். பிறகு பஞ்சைப் பாருங்கள். சாம்பல் நிறமும் பழுப்பு நிறமும் அழுக்கு. கருவியின் நிறமோ எழுத்தின் நிறமோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஐந்து நிமிடம் காயவிட்டு, சாய்வான வெளிச்சத்தில் அந்த இடத்தை மீண்டும் பாருங்கள். வெளுப்பு, மங்கல், பிசுபிசுப்பு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் திரவம் அந்தப் பரப்புக்கு ஆகாது.

நீர் தேறினால் சோப்புக் கரைசல். அதுவும் தேறி, அழுக்கு இன்னும் அசையவில்லையென்றால் மட்டுமே அடுத்ததைப் பற்றி யோசிக்க வேண்டும். இடையில் ஒரு வழி இருக்கிறது: அருங்காட்சியகப் பாதுகாவலர்கள் ஓவியங்களிலும் முலாம் பூசிய பொருள்களிலும் உமிழ்நீரைப் பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம். அதிலுள்ள நொதிகள் சாதாரண நீர் அசைக்காத கறையை இளக்குகின்றன. பஞ்சுக்குச்சியில் சிறிது உமிழ்நீர், பிறகு காய்ச்சி வடித்த நீரால் இரண்டு முறை ஒற்றல். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் ஆல்கஹாலுக்கு முன் முயன்று பார்க்கத் தகுந்த வழி இதுதான். ஒரு முறை வாயில் வைத்த குச்சியை மீண்டும் வாயில் வைக்கக்கூடாது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

உலர்தூசி

ஈரம் படும் முன் தூசி முழுவதும் போயிருக்க வேண்டும். ஈரமான தூசி சேறாகி, குமிழைச் சுற்றியுள்ள பள்ளங்களிலும் சுவிட்சின் இடுக்குகளிலும் இறங்கிக் காய்ந்துவிடும். மேலிருந்து கீழாகத் தூரிகையால் வருடி, சற்றுத் தள்ளிப் பிடித்த தூசியுறிஞ்சியின் வாயை நோக்கித் தூசியைத் தள்ளுங்கள். உறிஞ்சியின் முனை கருவியைத் தொடக்கூடாது. அதன் பிளாஸ்டிக் முனையில் நிலைமின்னேற்றம் சேரும் என்பதோடு, தளர்ந்துபோன சிறு உறுப்புகளை அது விழுங்கியும் விடும். அழுத்தக் காற்று அடைத்த குப்பியைப் பயன்படுத்துவோர் அதை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். சாய்த்தால் உள்ளிருக்கும் திரவம் கடுங்குளிரோடு தெறித்து, பழைய பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யலாம்.

முகப்புப் பலகை

1970களின் ரிசீவர்களிலும் ஆம்ப்ளிஃபயர்களிலும் முகப்பு பெரும்பாலும் அலுமினியம். அதன் மேல் இருப்பது அனோடைஸ் செய்து உருவாக்கிய அலுமினியம் ஆக்சைடு அடுக்கு. அழகுக்காகச் செய்யப்படும் அனோடைஸ் பொதுவாக 5 முதல் 25 மைக்ரோமீட்டர் தடிமன் கொண்டது, அதாவது ஒரு தலைமுடியின் தடிமனில் சிறு பங்கு. இந்த ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். ஏறத்தாழ பிஎச் 4 முதல் 8.5 வரைதான் அது நிலையாக இருக்கும். அடுப்புப் பிசுக்கு எடுக்கும் காரத் திரவத்தை ஒரு நிமிடம் தெளித்துவிட்டாலும் முகப்பில் சாம்பல் திட்டு விழுந்து, எதைக் கொண்டும் போகாது. கறுப்பும் பொன்னிறமும் அந்த அடுக்கின் நுண்துளைகளில் ஊறிய சாயங்கள் என்பதால், ப்ளீச்சிங் திரவம் பட்டால் வெளுத்துவிடும்.

எழுத்துகள் இந்த அடுக்கின் மேல் பட்டுத்திரை முறையில் அச்சிடப்பட்டவை. சில தயாரிப்புகளில் மை நன்கு இறுகிய எபாக்சி, சிலவற்றில் வெறும் வண்ணம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுக்கிடையேகூட வேறுபாடு உண்டு. ஆகவே ‘இந்த நிறுவனத்தின் எழுத்து அழியாது’ என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். சோதனைக் குச்சியை நம்புங்கள். செதுக்கி வண்ணம் நிரப்பிய எழுத்துகள் ஓரளவு தாங்கும், எனினும் அந்த நிரப்பு வண்ணமும் ஆல்கஹாலில் இளகக்கூடியதே.

குமிழ்களைக் கழற்றி வைத்துவிட்டு, மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்தால் எட்டுத் தூய பக்கங்கள் கிடைக்கும். சோப்புக் கரைசலைத் துணியில் தொட்டுப் பிழிந்து, முகப்பின் மேல் நேரடியாக எதையும் தெளிக்காமல், சீப்பிட்டதுபோல் கோடோடிய அலுமினியத்தில் அந்தக் கோடுகளின் போக்கிலேயே துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கோடுகளுக்குக் குறுக்கே கீறல் விழுந்து, விளக்கொளியில் வளையம் வளையமாகத் தெரியும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் துணியின் பக்கத்தை மாற்றுங்கள். எழுத்துள்ள இடங்களைத் துணியால் துடைக்காமல், ஈரப் பஞ்சுக்குச்சியை எழுத்தின் நீளவாக்கில் உருட்டியபடி கடந்து செல்லுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த வேறொரு துணியால் சோப்பை எடுத்து, உலர்துணியால் ஒற்ற வேண்டும்.

புகையிலைப் புகை படிந்த முகப்பு தனி வகை. தேன் நிறத்தில் பிசினாகப் படிந்த அந்தப் படலம் முதல் துடைப்பில் அசையாது. பலர் அங்கேதான் பொறுமையிழந்து வலுவான திரவத்துக்குத் தாவுகிறார்கள். அதற்குப் பதிலாக, சோப்புக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் ஒரு நிமிடம் படிய வைத்து எடுங்கள். அரைமணி நேரம் இடைவெளி விட்டு மீண்டும் செய்யுங்கள். நான்கைந்து சுற்றுகளில் பெரும்பகுதி வந்துவிடும். கடைசியாக மிஞ்சும் மெல்லிய மஞ்சள் சாயல் எழுத்தைச் சுற்றி இருந்தால், அதை அப்படியே விட்டுவிடுவதே சரி என்பது என் கருத்து.

விலைச்சீட்டு, சொந்தக்காரரின் பெயர்ச்சீட்டு போன்றவை விட்டுச்சென்ற பசைக்கு, சிகரெட் லைட்டரில் ஊற்றும் நாப்தா பெரும்பாலான உலோக முகப்புகளில் ஆல்கஹாலைவிடச் சாதுவானது. அதையும் சோதித்த பிறகே, காற்றோட்டமான இடத்தில், தீப்பொறிக்கு வழியில்லாதபோது பயன்படுத்த வேண்டும். சீட்டைப் பிய்க்கும்போது நகத்தாலோ கத்தியாலோ சுரண்ட வேண்டாம்; வெதுவெதுப்பான காற்றைச் சிறிது நேரம் காட்டி, மூலையிலிருந்து மெல்ல மடித்து உரியுங்கள்.

டயல் கண்ணாடியும் மீட்டர்களும்

பழைய கருவிகளில் மிகவும் எளிதில் கெடும் பகுதி இது. கண்ணாடியின் எந்தப் பக்கத்தில் எழுத்து இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் துணியைக் கொண்டுபோகக்கூடாது. ஏறக்குறைய எல்லா வால்வு ரேடியோக்களிலும், மெக்கின்டாஷ் ஆம்ப்ளிஃபயர்களின் கறுப்புக் கண்ணாடி முகப்புகளிலும் எழுத்து பின்புறத்தில் இருக்கிறது. முன்புறம் வெறும் கண்ணாடி, அதைச் சற்றே ஈரமான துணியால் தயங்காமல் துடைக்கலாம். ஆனால் ஈரம் விளிம்பு வழியாகப் பின்னால் இறங்கிவிடக்கூடாது என்பதால் துணி நன்கு பிழியப்பட்டிருக்க வேண்டும். பின்புறத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரே விதிதான்: எழுத்துள்ள பகுதியில் ஊதுகுமிழின் காற்று, அதற்கும் மேல் போனால் நுனி தொட்டும் தொடாமலும் செல்லும் மென்மயிர்த் தூரிகை. அதற்கு அப்பால் எதுவும் இல்லை. எழுத்தில்லாத வெற்றிடங்களில் மட்டும், எழுத்துக்கு ஒரு செ.மீ. தள்ளி, உலர்ந்த பஞ்சுக்குச்சியைப் பயன்படுத்தலாம்.

எழுத்து ஏற்கெனவே பொருக்காகத் தூக்கி நிற்கிறதென்றால் தூரிகையும் வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் அளவுகோலோடு படம்பிடித்து வைத்துவிட்டு மூடிவிடுங்கள். பின்னாளில் மறுஅச்சு எடுக்க அந்தப் படம் ஒன்றே ஆதாரமாக இருக்கும்.

ஒலியளவைக் காட்டும் வியூ (VU) மீட்டர்களின் முன்மூடி பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக். உலர்துணியால் தேய்த்தால் அதில் நிலைமின்னேற்றம் சேர்ந்து, உள்ளிருக்கும் முள்ளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மீட்டர் பழுதாகிவிட்டதென்று பலர் அஞ்சுவது இந்தத் தருணத்தில்தான். சோப்புக் கரைசலில் தொட்ட பஞ்சால் மூடியின் வெளிப்புறத்தை மெல்ல ஒற்றி, தானாகக் காயவிட்டால், சோப்பின் கண்ணுக்குத் தெரியாத படலம் அந்த மின்னேற்றத்தை வடித்துவிட, முள் விடுபடும்.

டர்ன்டேபிளின் அக்ரிலிக் மூடி

மூடியை வைத்தபடியே துடைக்க வேண்டாம், கழற்றிவிடுங்கள். டெக்னிக்ஸ் எஸ்எல் 1200 வகைகளில் மூடி கீலோடு நேராக மேலே வந்துவிடும். மற்றவற்றில் கீல் திருகுகளைத் தளர்த்த வேண்டும். அந்தத் திருகுத் துளைகளைச் சுற்றியே விரிசல் முதலில் ஓடும் என்பதால், கழற்றும்போதும் மாட்டும்போதும் மூடியின் எடை ஒரு பக்கமாகத் தொங்காமல் இன்னொருவர் தாங்கிக்கொள்வது நல்லது.

அக்ரிலிக்கை வார்க்கும்போதும் வளைக்கும்போதும் அதற்குள் உள்தகைவு தங்கிவிடுகிறது. ஆல்கஹாலோ அம்மோனியாவோ பட்டால் அந்தத் தகைவு நுண்விரிசல்களாக வெளிப்படும். சிலந்தி வலை போன்ற அந்தக் கோடுகள் உடனே தோன்றாமல் சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால், துடைத்தவருக்குக் காரணமே விளங்காமல் போய்விடுகிறது. பளபளப்பைக் கொண்டு அதை மறைக்க இயலாது, ஏனெனில் விரிசல் மேற்பரப்பில் நிற்காமல் உள்ளே இறங்கியிருக்கும்.

அகலமான தொட்டியின் அடியில் ஒரு துண்டை விரித்து, வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு சோப்பைக் கலந்து, மூடியை முதலில் நீரை ஊற்றி அலச வேண்டும். கை படும் முன் மணல்துகள்கள் ஓடிப்போக வேண்டும் என்பதே நோக்கம். பிறகு விரல் நுனிகளாலேயே தடவிக் கழுவுங்கள்; விரலுக்குத் துகள் உறுத்துவது தெரியும், துணிக்குத் தெரியாது. காய்ச்சி வடித்த நீரால் கடைசியாக அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். முன்புறத்தில் நிறுவனத்தின் பெயர் அச்சிட்டோ ஒட்டியோ இருந்தால், அந்த இடத்தை ஊறவிடாமல் முதலிலேயே கழுவி உலர்த்திவிட வேண்டும்.

கீறல்களைப் பொறுத்தவரை, நகத்துக்குத் தட்டுப்படாதவை பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள மென்பளபளப்பிக்கு வழிவிடும். நோவஸ் போன்றவற்றில் எண் 1 துடைப்பதற்கு, 2 நுண்கீறலுக்கு, 3 ஆழக்கீறலுக்கு. எண் 3-இல் தொடங்கினால் பிறகு 2-ஐக் கொண்டு அதன் தடத்தைப் போக்க வேண்டியிருக்கும். 2 போதுமா என்று ஒரு மூலையில் பார்த்துவிடுங்கள். எழுத்துள்ள இடத்தில் எந்தப் பளபளப்பியும் வேண்டாம்.

குமிழ்களும் சுவிட்சுகளும்

குமிழை இழுக்கும் முன் அதன் பக்கவாட்டில் சிறு திருகு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நேராக இழுத்தால் வரும். வராவிட்டால், திருப்புளியால் நெம்பி முகப்பில் பள்ளம் போடுவதைவிட, குமிழுக்குப் பின்னால் ஒரு பருத்தித் துணிப்பட்டையைச் சுற்றி இரண்டு முனைகளையும் சேர்த்து இழுப்பது மேல். முழு பிளாஸ்டிக் குமிழ்களைச் சோப்பு நீரில் சில நிமிடம் வைத்து, மென்மயிர்ப் பல்துலக்கியால் வரிப்பள்ளங்களைத் துலக்கலாம். உலோகத் தொப்பி ஒட்டியவற்றை ஊறவைத்தால், குறிப்பாகச் சுடுநீரில், பசை விட்டுவிடும். அவற்றை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும்.

கரகரக்கும் வால்யூம் கன்ட்ரோலுக்குத் தெளிக்கும் கான்டாக்ட் கிளீனர் முகப்புக்கு எதிரி. அதிலுள்ள கரைப்பானும் எண்ணெயும் தண்டு வழியாக முன்னால் கசிந்து எழுத்தின் மேல் பரவும். தெளிக்கும் வேலை எப்போதும் உள்ளிருந்து, முகப்பைக் கழற்றியோ தண்டைச் சுற்றித் துணியைத் திணித்தோ நடக்க வேண்டும்.

மரம், வினைல், பேக்லைட்

மரமென்று நினைப்பது மரத்தின் படம் அச்சிட்ட வினைல் தாளாக இருப்பது மிகச் சாதாரணம். விளிம்பில் ரேகைகள் தொடர்கின்றனவா, அல்லது மடிந்து திடீரென நிற்கின்றனவா என்று பார்த்தால் விளங்கும். வினைலுக்குச் சோப்பு நீர் போதும். உண்மையான மரமேலேட்டில் (பெட்டியின் மேல் ஒட்டிய மெல்லிய மர ஏட்டில்) நீரைக் குறைவாகவே காட்ட வேண்டும், ஏனெனில் பழைய பெட்டிகளில் அந்த ஏடு விலங்குப் பசையால் ஒட்டப்பட்டது. ஈரம் ஊறினால் பசை இளகி ஏடு குமிழாக எழும்பும்.

அதன் மேற்பூச்சு அரக்கா, நைட்ரோசெல்லுலோஸா, வெறும் எண்ணெயா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும். நைட்ரோசெல்லுலோஸ் அசிட்டோனில் உருகும், ஆல்கஹாலில் மங்கும். ஆகவே பெட்டிக்கு அருகில் அந்த இரு புட்டிகளும் வேண்டாம். எண்ணெய்ப்பூச்சு கொண்ட ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு மீண்டும் எண்ணெய் பூசுவோர், ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அது காற்றோடு வினைபுரிந்து தானே சூடேறித் தீப்பற்றும். திறந்தவெளியில் விரித்துக் காயவிட்ட பிறகே எறிய வேண்டும்.

பேக்லைட், லியோ பேக்லண்ட் 1907-இல் உருவாக்கிய பீனால் பிசின். பெட்டிகளில் அதோடு மரத்தூளைக் கலந்து வார்த்தார்கள். அதன் பளபளப்பு முழுவதும் பிசின் மிகுந்த மெல்லிய மேல்தோலில் இருக்கிறது. அந்தத் தோல் தேய்ந்தால் மரத்தூள் வெளிப்பட்டு ஈரத்தை உறிஞ்சும். எனவே ஊறவைக்காமல், உராயும் பொருள் எதுவும் படாமல், ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். ஏற்கெனவே மங்கியிருந்தால் சிறிது மெழுகு அதன் நிறத்தை ஆழமாக்கும்.

ஸ்பீக்கர்கள்

காகிதக் கோனை நடுவிலிருந்து வெளிப்புறமாக, உலர்ந்த தூரிகையால் மட்டும் வருடுங்கள். சுற்று விளிம்பு நுரையாலானதாக இருந்தால் தொடவே வேண்டாம். பாலியுரேத்தேன் நுரை காற்றின் ஈரத்தால் தானே சிதைந்து, விரல் பட்டதும் உதிரும். துணியாலான விளிம்பில் பிசுபிசுப்பான பூச்சு இருந்தால் அதை அழுக்கென்று எடுத்துவிடக்கூடாது, காற்று கசியாமல் அடைப்பது அதுதான். பட்டுத்துணிக் குவிமாடம் கொண்ட ட்வீட்டர்களின் (உயர் சுருதிகளை ஒலிக்கும் சிறு ஸ்பீக்கர்களின்) பிசுபிசுப்பும் அப்படியே; அவற்றில் ஒட்டிய தூசி ஒலியைக் கெடுப்பதைவிடக் கையிட்டுக் கெடுப்பதே அதிகம். யமஹா என்எஸ் 1000எம் போன்ற ஸ்பீக்கர்களின் குவிமாடங்கள் பெரிலியத்தால் ஆனவை. அந்த உலோகத்தின் தூள் நுரையீரலுக்கு நஞ்சு என்பதால், அவற்றின் பாதுகாப்பு வலையைக் கழற்றாமலே விட வேண்டும்.

வால்வுகள், டேப் பாதை, ஊசி

வால்வுக் கண்ணாடியின் மேல் உள்ள எழுத்து விரல் பட்டாலே அழியக்கூடியது, அதன் மதிப்பில் பெரும்பகுதி அந்த எழுத்தில் இருக்கிறது. எழுத்தில்லாத பகுதியை உலர்தூரிகையால் துலக்கிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆல்கஹாலுக்கு உரிய இடம் டேப் ஹெட்டும் உலோக வழிகாட்டிகளும்தான். 99 சதவீத ஐசோபுரொப்பைலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, டேப் ஓடும் திசையிலேயே, குச்சியில் பழுப்பு வருவது நிற்கும் வரை துடைக்கலாம். அழுத்த ரப்பர் உருளைக்கு மட்டும் சோப்பு நீர். ஆல்கஹால் அதை நாளடைவில் இறுகச் செய்யும். டர்ன்டேபிள் ஊசியைப் பின்னிருந்து முன்னாக, அதாவது இசைத்தட்டு நகரும் திசையிலேயே, உலர்தூரிகையால் தொடுங்கள். பக்கவாட்டில் ஒரு தட்டு போதும், ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டான கான்டிலீவர் வளைந்துவிடும்.

மீண்டும் பொருத்துதல்

குமிழ்களை உடனே மாட்டிவிடாமல், கருவியை ஒரு முழுநாள் காற்றோட்டமான இடத்தில், நேரடி வெயில் படாமல் வைத்திருங்கள். தண்டுத் துளைகளிலும் சுவிட்சின் இடுக்குகளிலும் இறங்கிய ஈரம் வெளியே தெரியாது. மறுநாள், எடுத்து வைத்த படத்தை அருகில் வைத்துக்கொண்டு குமிழ்களை அவற்றின் பழைய இடங்களில் பொருத்துங்கள். முகப்பில் உரசிவிடாதபடி பலகைக்கும் குமிழுக்கும் நடுவே ஒரு காகிதத் தடிமன் இடைவெளி இருக்கட்டும். உள்பக்கத்தில் கம்பளி வளையம் இருந்திருந்தால் அதை மறக்காமல் திரும்ப இடுங்கள். குமிழ் முழுச்சுற்றும் உரசாமல் திரும்புகிறதென்று உறுதி செய்த பிறகு பிளக்கைச் செருகலாம்.